காட்சி 217

நெரிமாவில், நான்காம் மாடியில்,
ஹீட்டர் இருமும் அறையில்
பின்னணி வரைகிறேன்.
கொலை என் துறையல்ல.
கொலை நடக்கும் அறையின் பாய், ஜன்னல், மழை,
பிணத்தை எடுத்த பின் மிஞ்சும் சுவர்:
இவைதான் எனக்குப் படியளப்பவை.

இந்த வாரம் கோத்தோ தீவு.
செத்தவன் மீன் வியாபாரி.
மாடத்தில் பீங்கானில் கருணைத் தாய் கன்னோன்,
மடியில் குழந்தை.
துப்பறியும் பையன் அதைத் திருப்புகிறான்.
முதுகில் சிலுவை.
"எல்லாம் புரிந்துவிட்டது" என்கிறான்,
எல்லாச் சனிக்கிழமையும் போல,
விளம்பரத்துக்குச் சற்று முன்.

அதிகாரிகளுக்கு இருநூற்றைம்பது வருடம் பிடிபடாதது
அவனுக்கு நான்கு நொடி.

இடம் பார்க்கப் போனபோது
உராகாவா கினுயே என்பவள் காட்டினாள்.
செதில் ஒட்டிய கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு
குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள்.
சர்ச்சுக்குப் போவீர்களா? இல்லை.
புத்த கோயிலுக்கு? சாவுக்கு மட்டும்.
இப்போதுதான் யாரும் பிடிப்பதில்லையே,
இன்னும் ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்?
யோசித்தாள்.
"வெளியே வைத்தால் அது வேறு ஏதோ ஆகிவிடும்."
பிறகு, கணவாய் வேண்டுமா என்று கேட்டாள்.

சிலுவையை நிழலுக்குள் வரைந்தேன்.
மஞ்சள் சீட்டோடு திரும்பி வந்தது.
இயக்குநர் குசுமியின் கோணல் எழுத்து:
"பிள்ளைகளுக்குத் தெரியாது. பளிச்சென்று வேண்டும்."
மறுபடி வரைந்தேன். மறுபடி மஞ்சள்.
அன்றிரவு, ஊரையே வரிசையில் நிறுத்தி
மிதி, மிதித்துக் காட்டு என்றார்களே,
மிதிக்கவென்றே அந்த உருவத்தை
வடித்துக் கொடுத்தவனை நினைத்தேன்.
அவனுக்கும் ஒரு கெடு இருந்திருக்கும்.
கூலி பாக்கி, விரல் விறைக்கும் குளிர்,
"இன்னும் தெளிவாக" என்று தலைக்குமேல் ஒரு குரல்.

மூன்றாம் முறை
நிலவே கூசும்படி வரைந்தேன்.
"ஆஹா" என்றார் குசுமி.

கொலையாளி முழந்தாளிட்டு அழுதான்.
வாரந்தோறும் யாராவது அழுவார்கள்.
ஒரு நிமிடம் நாற்பது நொடி பாவ அறிக்கை,
நடுக்கூடத்தில், எல்லோர் முன்னாலும்.
கேட்பவன் பள்ளிச் சீருடைக்காரன்.
மன்னிக்கும் அதிகாரம் அவனிடம் இல்லை.
வாசலில் போலீஸ் வண்டி.
அதன் சிவப்பு சுழன்று விழும் மதிலும்
நான் வரைந்ததுதான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும்.
காட்சி 217. சமையலறை.
யாரும் பேசாத ஒன்றரை நொடி.
அரிசி டப்பாவுக்கும் சோயா குப்பிக்கும் நடுவே
சுவரைப் பார்த்தபடி சிறிய வெள்ளை உருவம்.
கதையில் இல்லை. எந்தச் சீட்டிலும் இல்லை.
முதுகில் ஒன்றும் வரையவில்லை.
முன்பக்கம் என்னவென்று எனக்கே தெரியாது.

ஒளிபரப்பானது.
பிழை பொறுக்கும் ரசிகர்கள்
பையனின் கைக்கடிகாரம் கை மாறியதைப் பிடித்தார்கள்,
மழையில் நனையாத குடையைப் பிடித்தார்கள்.
ஞாயிறு. திங்கள்.
யாரும் கேட்கவில்லை.
செவ்வாய்க்கிழமை
அடுத்த கொலைக்குப்
பாய் விரிக்கத் தொடங்கினேன்.