தலை எண்ணுதல்

வேனில் ஏறும்போது முப்பத்தெட்டு.
வழியில் டீசல் போட்டபோதும் முப்பத்தெட்டு.
பிரதீஷ் ஜன்னல் வழியே வாந்தி எடுத்து முடித்து,
"இப்ப நல்லாருக்கு டீச்சர்" என்று சிரித்தபோதும்
எண்ணிக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு இது
கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே
மரமும் நிழலும் ஊஞ்சலுமாய் ஒரு பெரிய பூங்கா.
வாசலில் சிமெண்ட் பட்டாம்பூச்சி,
ஒரு சிறகில் பெயிண்ட் உரிந்தது.
எனக்குத் தலைகள்.
எண்ணெய் வழிபவை, ரிப்பன் கட்டியவை,
வைத்தீஸ்வரன் கோயிலில் போன வாரம் கொடுத்த
ஒரு மொட்டை. அதை எண்ணுவது சுலபம்.

அம்மியே பறக்கும் ஆடிக்காற்று.
பட்டாம்பூச்சி எதுவும் வெளியே வரவில்லை.
தர்ஷினி பலகைமுன் நின்று
வருகைப்பதிவேடு போல வாசித்தாள்:
எலுமிச்சை அழகி.
வெந்தய வரியன்.
யாரும் உள்ளேன் சொல்லவில்லை.
"எல்லாம் ஆப்சென்ட்" என்றாள்.

சறுக்குமரத்தில் கணக்கு நிற்காது.
ஏறுகிற தலை, இறங்குகிற தலை,
இறங்கி மறுபடி வரிசையில் இடிக்கிற தலை.
வாய்க்கால் தண்ணீரை விரல்விட்டு எண்ணுவது போல.

முப்பத்தேழு.

மறுபடி, முப்பத்தேழு.
அல்லிக் குளத்துக் கம்பிவரை ஓடினேன்.
தண்ணீர் அசையாமல் கிடந்தது,
அதைப் பார்க்கத்தான் அதிகம் பயமாக இருந்தது.
கழிவறையிலிருந்து ரக்‌ஷன் வந்தான்
கைகழுவிய ஈரத்தைச் சட்டையில் துடைத்தபடி.
ஓர் அறை விட்டிருப்பேன்.
தலையைத் தொட்டு "முப்பத்தெட்டு" என்றேன்.

சாப்பாட்டுக்கு வட்டமாக உட்கார்ந்ததும்
முப்பத்தொன்பது.
லூர்து டீச்சர் எண்ணினார். முப்பத்தொன்பது.
"கணக்கு டீச்சர் நீங்கதானே" என்று என்னைப் பார்த்தார்.

ஹரிணிக்கும் அஸ்மிதாவுக்கும் நடுவில் இருந்தாள்.
அரசாங்கம் தந்த அதே துணி, அதே தொளதொளப்பு,
காலில் மட்டும் செருப்பில்லை.
புளிச்சோற்றில் கடலையைத் தேடித் தேடி
முதலில் தின்றுகொண்டிருந்தாள்.
"பேர் என்னம்மா?"
"ரேகாஸ்ரீ."
"எந்த ஸ்கூல்?"
அவள் விழுங்குவதற்குள் ஹரிணி சொன்னாள்:
"எங்க கூடத்தான் டீச்சர்."

தூரத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்த பெண்ணின்
துடைப்பம் நின்றது.
என் கையைப் பார்த்தாளா, முகத்தைப் பார்த்தாளா தெரியவில்லை.
நான் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டேன்.
துடைப்பச் சத்தம் மறுபடி கேட்டது.

பொட்டலம் நாற்பதில் மிஞ்சியது ஒன்று.
நானும் லூர்து டீச்சரும் பங்கிட்டோம்.
ஊறுகாயை அவர் எடுத்துக்கொண்டார்.

கை கழுவியதும் அவள்தான் முன்னால் போனாள்.
கிரீச்சிடாத ஊஞ்சல் எது,
எந்தக் குழாயில் தண்ணீர் சில்லென்று வரும்,
காவலாளி எப்போது தூங்குவார்,
எல்லாம் தெரிந்திருந்தது.
வேலியோரம் ஓர் எருக்கஞ்செடி.
பலகை இல்லை, பாதை இல்லை.
இலையை மெல்லத் திருப்பினாள்.
கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிகளோடு
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு புழு
இலையின் ஓரத்தைக் கடித்து
வளைவாக வெட்டிக்கொண்டிருந்தது.
"இதுதான் டீச்சர் வெந்தய வரியன்.
இன்னும் ஆவல."

எல்லாத் தலையும் குனிந்தன.
காலையிலிருந்து முதல்முறையாக
ஒரே இடத்தில், ஆடாமல், சத்தமில்லாமல்.
நிதானமாக எண்ணியிருக்கலாம்.
எண்ணவில்லை.
மொட்டைத் தலைக்கு மேலாக எட்டி
நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலரைக்கு வேன்.
முப்பத்தெட்டு.
சரியாக இருந்தது.
ஹரிணியின் ஒரு பின்னலில் ரிப்பன் இல்லை.
கேட்கவில்லை.

கல்லணை தாண்டும்போது பாதிப் பேர் தூக்கம்.
ரக்‌ஷன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்
மடியில் ஜாமெட்ரி பாக்ஸோடு.
சுற்றுலாவுக்கு எதற்கடா ஜாமெட்ரி பாக்ஸ்?
மூடியில் காம்பஸால் குத்திய ஏழெட்டு ஓட்டை.
உள்ளே, ஸ்கேலுக்கும் கோணமானிக்கும் இடையில்
எருக்க இலை.
இலையில் வரிவரியாக
அசைந்தது.

"திட்டுவீங்களா டீச்சர்?"

காற்று வரட்டும் என்று
ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டேன்.
முப்பத்தொன்பது.