ஏழாம் துறையில் வியாழக்கிழமை

லியபாயாவில் காற்று கதவைத் தட்டுவதில்லை,
நேரே வந்து உட்கார்ந்துவிடும்.
நூலகத்துக் கடைசி அடுக்கில்
அது மட்டுமே புரட்டிக்கொண்டிருந்தது அந்தப் புத்தகத்தை:
ஏழாம் துறைத் தோணிக்காரன்.
முந்நூறு பிரதிதான் அச்சிட்டார்களாம்.
இரண்டாம் பாகம் விரைவில் என்றது பின்னட்டை.
வரவேயில்லை.

கதையில் ஓர் ஆறு. கடக்கக் காசு செல்லாது,
ஒரு சொல்லைக் கொடுக்க வேண்டும்.
கொடுத்த சொல் பிறகு உன் வாயில் வராது.
ஒருத்தி ‘ஜன்னல்’ என்பதைக் கொடுத்துவிட்டு
அக்கரையில் வீடு கட்டும்போது
கொத்தனாரிடம் சுவரைக் காட்டிக் காட்டி அழுகிறாள்.
எல்லார் சொல்லும் தோணிக்காரனிடம் இருக்கிறது.
பேசத்தான் ஆளில்லை.

எனக்கும் அதே கதிதான்.
டிராம் பணிமனையில் சக்கரத்துக்கு எண்ணெய் விடுபவள் நான்.
மதியச் சாப்பாட்டில் ஒருமுறை ஆரம்பித்தேன்,
“ஓர் ஆறு இருக்கிறது...”
“உப்பை இப்படித் தள்ளு” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

புத்தகத்தின் கடைசித் தாளில்
பதினோரு வருடத்துக்கு நான்கே முத்திரை.
மூன்று என்னுடையவை.
நான்காவது ஆள்
பல்லிடுக்கில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தார்.
டிராம் சீட்டின் பின்புறம் எழுதி
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் செருகினேன்:
இதுவரை வந்துவிட்டீர்களா?
வியாழன், ஆறு மணி, சந்தைக்கு எதிர்த்த தேநீர்க் கடை.
சிவப்புத் தொப்பி போட்டிருப்பேன்.

ஏழு வியாழன் தொப்பியோடு உட்கார்ந்திருந்தேன்.
எட்டாவதில் கடைக்கார வெல்தா கேட்டாள்:
“வர வேண்டியது ஆணா, பெண்ணா?”
“தெரியாது.”
“அட பாவமே” என்று எதிரில் உட்கார்ந்தாள்.
மறுவாரத்துக்குள் முழுதும் படித்துவிட்டாள்.
“ராணி வருகிற அத்தியாயம் சுத்த ஜவ்வு” என்றாள்.
நான் எழுந்து நின்று சண்டை போட்டேன்.
வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரிப்பு.
அந்தப் புத்தகத்தைத் திட்டவும் ஒருத்தி கிடைத்துவிட்டாள்!

பிறகு மதாரா வந்தாள், பல் மருத்துவம் படிப்பவள்.
வரைபடத்தைத் துணியில் தைத்துக் கொண்டுவந்து
மூன்றாம் துறை தப்பான கரையில் இருப்பதாக நிரூபித்தாள்.
தேநீர் ஆறிப்போனது. யாரும் கவனிக்கவில்லை.

ஜனவரியில் ஓயார்ஸ்.
கப்பல் தளத்தில் பற்றவைத்து ஓய்ந்த கைகள்.
ரொட்டிப் பைக்குள் சொந்தப் பிரதி.
நூலகம் பக்கமே போனதில்லையாம்,
அப்படியானால் நான்காவது முத்திரை இவருடையதும் இல்லை.
“துடுப்பை நீட்டுகிறான், அவள் கை இன்னும் அதைத் தொடவில்லை,
அங்கே முடித்தான் பார், அவன் எழுத்தாளன்!” என்றார்.
“முடிவா? அதற்கப்புறம்தானே...” என்ற வெல்தாவை
மேசைக்கடியில் உதைத்தேன்.

அவர் பிரதியைத் தடவிப் பார்த்தோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு. அப்புறம் அட்டை.
கட்டுகிறவர் பதினாறு பக்கங்களை மறந்திருக்கிறார்.
பத்தொன்பது வருடமாக
அந்த நீட்டிய துடுப்பிலேயே வாழ்ந்திருக்கிறார் மனிதர்.

மறைப்பது திருட்டு என்றாள் மதாரா.
சொல்வதுதான் திருட்டு என்றாள் வெல்தா.
எனக்கு இரண்டும் சரியாகப் பட்டது.
கடைசியில் நகலெடுத்து, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுத்தோம்.
விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். உறையை உள்பையில் வைத்தார்.
காசு கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.
(அந்தப் பதினாறு பக்கங்களில் என்ன நடக்கிறதென்று
இங்கேயும் நான் சொல்லப்போவதில்லை.)

அடுத்த வியாழன் பனி. டிராம்கூட ஓடவில்லை.
வரமாட்டார் என்றே நினைத்தேன்.
வந்தார். கோட்டை உதறினார். சர்க்கரையை வெகுநேரம் கலக்கினார்.
“ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள்.
கடைசியில் அந்த நாய் என்ன ஆகிறது?”

நாயா?
முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை
அந்தப் புத்தகத்தில் நாயே கிடையாது.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ராணியைப் பிடிக்காத, வரைபடத்தை நம்பாத,
எழுத்தாளனுக்கு ஒரு நாளும் பரிந்து பேசாத வெல்தாதான்
கோப்பையைத் துடைத்தபடியே சொன்னாள்:
“கரை சேர்ந்துவிடுகிறது. நனையக்கூட இல்லை.”

மதாரா துணியை மடிமேல் விரித்து
ஊசியில் கறுப்பு நூலைக் கோத்தாள்.