இரண்டு மணிக்குச் சற்று முன்

குருசுக்குப்பம், மாடி அறை.
டிலே பெடலின் குமிழை உப்புக்காற்று தின்றிருக்கிறது.
இரண்டு மணி வரை சொன்னபடி கேட்கும்:
ஒரு மீட்டு, ஐந்தாறு எதிரொலி,
ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் அழுக்காக,
பிறகு கடல்.

இரண்டைத் தாண்டினால்
தன் வாலைத் தானே விழுங்கி வீங்கும்.
தந்தியில் கையே இல்லை,
ஊளை.

கீழ்வீட்டு மொரேலம்மா
துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறாள்.
அதுவும் தரைவழி கிதாரில் ஏறி
டொக் டொக் டொக்கென்று
அவளுக்கே திரும்பிப் போகிறது.

கால் கட்டைவிரலால் குமிழைப் பின்னுக்கு,
ஒரு மயிரிழை.
கரகரவென்று முரண்டுபிடித்து
இறங்குகிறது ஊளை.
சாகவில்லை. ஏறவுமில்லை.
விரலை எடுக்கப் பயம்.

அப்போது பார்த்து கரண்ட் போனது.

கீழே
துடைப்பம் மட்டும் இன்னும்
ஓயவில்லை.