முறை

எங்கள் ஊரில் மேடு என்றால்
குடமுருட்டிக் கரை.
பள்ளம் என்றால் அதன் மறுபக்கம்.
ஆட்டுக்குட்டி மூச்சு வாங்காமல் ஏறி இறங்கும்.

இதை வைத்துக்கொண்டு
மலைத் தொடரோட்டத்துக்குப் பெயர் கொடுத்தோம்
நானும் ஷம்ஷாத்தும்.
இருவர் அணி. ஆறு சுற்று, ஆளுக்கு மூன்று.
‘ஏற்றத்தில் ஓடிய அனுபவம் உண்டா’ என்ற கட்டத்தில்
அவள் கூசாமல் டிக் அடித்தாள்.

மலைக்கு எங்கே போவது?
ரயில்வே மேம்பாலத்துக்குப் போனோம்.
விடிகாலை நாலரைக்கு
வைக்கோல் லாரிகள் முக்கி முக்கி ஏறும் அதே ஏற்றத்தில்
பன்னிரண்டு தடவை.
ஒரு டிரைவர் தினமும் வேகம் குறைத்துக் கேட்பார்:
“பஸ்ஸ விட்டுட்டீங்களாம்மா?”
பத்தாம் நாள்
“இது எத்தனாவது?” என்றார்.

சுவாமிமலைக்கும் போனோம்.
ஆள் கட்டி எழுப்பிய மலை,
வருஷத்துக்கு ஒன்றாய் அறுபது படி.
ஓடக்கூடாது என்றார் செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர்.
வேகமாக நடந்தேன்.
ஷம்ஷாத் கீழே சுக்குக்காப்பிக் கடையில்
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிரபவ முதல் அட்சய வரை ஏறி
அத்தனை வருஷமும் திரும்ப இறங்கி வந்தால்
“மூணு நிமிஷம் பத்து செகண்ட்” என்றாள்,
“ரொம்ப மெதுவா வாழுறே.”

நான் பட்டியல் போடும் கொள்முதல் நிலையத்தில்
நாற்பது கிலோ மூட்டையோடு
லாரிப் பலகையில் ஏறுகிறார் கருணாகரன்.
பலகையின் சரிவை ஒருநாள் அளந்தோம்.
அந்த மலையே இவ்வளவு செங்குத்தில்லை.
நீங்களும் வாங்களேன் என்றதற்கு
சனிக்கிழமை லோடு இருக்கு என்றார்.

சமதரையில் ஷம்ஷாத் பேசுவாள்.
குழுக் கடன், கொழுந்தனின் புது பைக்,
லேபில் ரத்தக் குழாய்க்குப் பெயர் ஒட்டும்போது
ஒரே பெயரில் மூன்று பேர் வந்த குழப்பம்.
ஏற்றம் வந்தால் வாய் மூடிவிடும்.
அதனால்தான் எனக்கு ஏற்றம் பிடிக்கும் என்றேன்.
அடுத்த ஏற்றம் முழுக்க
வேண்டுமென்றே பேசிக்கொண்டு வந்தாள்,
பாதி வார்த்தை, பாதி இருமல்.

நாலு மாதம் இப்படித் தோளோடு தோள்.
பிறகுதான் விதிமுறைத் தாள் வந்தது.
ஒருவர் ஓடுகையில் மற்றவர்
மாற்றுமிடத்தில் நிற்க வேண்டும்.
எண்ணிப் பார்த்தோம்:
அந்த நாள் முழுக்க நாங்கள் சந்திப்பது ஐந்து தடவை.
ஒவ்வொன்றும்
கைப்பட்டையைக் கழற்றி மாட்டும் நேரம்.

இந்தத் தடவை மேட்டூரில் தண்ணீர் குறைவு.
ஆறு நாள் காவிரிக்கு, ஆறு நாள் வெண்ணாற்றுக்கு என்று
முறை வைத்துத் திறக்கிறார்கள்.
ஒன்று ஓடும்போது ஒன்று கிடக்கும்.
கிடக்கும் ஆற்றுக்காரர்கள்
மதகில் உட்கார்ந்து நாள் எண்ணுவார்கள்.
அவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று
இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசிப் பயிற்சிக்குப் பிரிந்து நின்றோம்.
அவள் செங்கல் சூளையிலிருந்து. நான் மதகில்.
அன்று வெண்ணாற்றின் முறை.
குடமுருட்டியில் மணல்தான்,
நடுவே ஒரு வேட்டி அகலத்துக்கு ஈரம்.
இருட்டில் நிற்கும்போதுதான் தெரிந்தது
எனக்கு நிற்கத் தெரியவில்லை என்று.
குனிந்தேன். நிமிர்ந்தேன்.
தாகமில்லாமல் தண்ணீர் குடித்தேன்.
அவள் இடக்குதிகால் எப்போதும்
ஒரு நொடி பிந்தித்தான் தரையில் விழும்.
முகத்துக்கு முன்னால் அந்தப் பிசகு வந்தது,
கரை மண்ணில், தொலைவில்,
தப், தப்—ப், தப்.

பட்டை நனைந்திருந்தது.
என் மணிக்கட்டில் அவளே இறுக்கி
முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.
ஓடினேன்.
பின்னாலிருந்து ஏதோ கத்தினாள்,
காற்று எதிர்ப்பக்கம், கேட்கவில்லை.
ஓடு என்றுதான் இருக்கும் என்று
இன்னும் வேகமாக ஓடினேன்
பாலம் வரை, ஒரு கிலோமீட்டர்,
விடியும் வரை.

பிறகு கேட்டேன்.
“லேஸ் அவுந்து கிடக்குன்னு கத்தினேன்” என்றாள்.
குனிந்து பார்த்தால்
இரண்டு காலிலும்.