மகஜரில் இல்லாத பால்

கடைசியாக ஒருமுறை
முதலிலிருந்து சொல்லுங்கள் என்கிறார்
வக்கீல் சுமங்களா ஹெக்டே.
மறக்கச் சொல்லி மனுப் போட
எல்லாம் நினைவிருக்க வேண்டும்போல.

பந்த் அன்றைக்கு ஸ்ரீராம்புரத்தில்
ஒரே ஒரு கடை
ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கி வைத்திருந்தது.
குனிந்து வாங்கினேன்.
நிமிர்ந்தபோது வேன் நின்றிருந்தது.
எறிந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.
எறியாதவர்களுக்கு ஓடத் தோன்றவில்லை.

இருபத்துமூன்று பேர்.
தனிஸ்லாஸ் என்றேன்.
ரைட்டர் மூன்று முறை கேட்டுவிட்டு
கன்னடத்தில் வேறு யாரையோ எழுதினார்.
அப்புறம் ஏ-17 ஆக்கிவிட்டார்கள்.
அதில் எழுத்துப் பிழை வர வழியில்லை.

கையில் என்ன இருந்தது?
மகஜரில் கல் எட்டு, கட்டை மூன்று.
எது யாருடையது என்று எழுதவில்லை,
இருபத்துமூன்று பேருக்கும் பொதுச் சொத்து.

பால், மேடம்.
நந்தினி. நீல உறை. அரை லிட்டர்.

ராத்திரி பதினோரு மணிக்கு
ஏட்டு ஒருவர், நல்ல மனுஷன்,
உறையைப் பல்லால் கடித்து டீ போட்டார்.
தண்ணீர்தான் அதிகம்.
ஆளுக்குக் கால் கிளாஸ், எனக்கும்.
சர்க்கரை தூக்கல்.
என் தரப்புச் சாட்சியை
நானும் சேர்ந்துதான் குடித்தேன்.

ஆறு வருஷம், நாற்பத்தொரு வாய்தா.
கூண்டில் ஏறியவர்கள் எல்லாரும்
எங்கள் முகங்களைப் பார்த்து
தெரியாது என்றார்கள்.
உண்மையிலேயே தெரியாது.
விடுதலை என்று நீதிபதி சொன்னபோது
கரண்ட் இல்லை, மைக் இல்லை.
பக்கத்தில் நின்ற பன்னிரண்டிடம் கேட்டுத்தான்
தெரிந்துகொண்டேன்.

அந்த விடுதலை தேவனஹள்ளி வரைக்கும் வரவில்லை.
ஏர்போர்ட்டில் சரக்கு ஏற்றுகிற வேலை,
யூனிஃபார்முக்கு அளவுகூட எடுத்தாயிற்று.
பெயரைத் தட்டினார்கள்.
முதலில் வந்தது கைது.
விடுதலை கீழே எங்கோ இருந்தது,
அவ்வளவு தூரம் யாரும் இறங்குவதில்லை.
லக்கரேயில் வீட்டுக்காரர்
அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.
எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார், மரியாதையாக.

கிழித்துப் போட மாட்டார்களா என்று கேட்டேன்.
மாட்டார்களாம்.
மூடி முத்திரை வைக்கத்தான் கேட்கலாமாம்.
அன்றைக்கு என்மேல் குத்தியதும் முத்திரை,
இப்போது கேட்டு நிற்பதும் அதே முத்திரை.
இந்த ஊரின் ஏதோ ஒரு பீரோவுக்குள்
என் பெருவிரல்
மை காயாமல் உட்கார்ந்திருக்கும்.
திறக்கச் சாவி யாரிடம் என்று
அவர் சொல்லவில்லை.

தீர்ப்பில் பெயர் இருந்த இடத்தில்
எக்ஸ் என்று போடுவார்கள்.
பதினேழாக இருந்தவன்
இனி எக்ஸ்.
எட்டாம் வகுப்பில் எக்ஸின் மதிப்பைக் கேட்டு
அடி வாங்கியிருக்கிறேன்.
ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை.

பிலோமினா அன்றைக்கு
டிகாக்‌ஷன் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.
மறுநாளிலிருந்து பால் வாங்கப் போவது அவள்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
அவளும் சொன்னதில்லை.
இதற்கு எந்தக் கோர்ட்டில்
மனுப் போடுவது?

மேடம், மூடுவதற்கு முன்னால்
ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா?
கல் எட்டு, கட்டை மூன்றுக்குக் கீழே
அந்தப் பாலை.

சட்டத்தில் இடமில்லை என்கிறார்.
ஆனாலும் பேனாவை மூடவில்லை.
தாளின் ஓரத்தில்
பொடியாக ஏதோ எழுதிக்கொள்கிறார்.
நேராக வைத்தாலே தடுமாறுகிற கன்னடத்தை
எதிரில் உட்கார்ந்து
தலைகீழாகப் படிக்கிறேன்.
'அர்த' மாதிரித் தெரிகிறது.
கடைசி எழுத்தின் வயிற்றில் புள்ளி இல்லாவிட்டால்
பாதி, அரை லிட்டரின் அரை.
புள்ளி இருந்தால்
அர்த்தம்.

புள்ளி இருக்கிறதா என்று
இங்கிருந்து தெரியவில்லை.