நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக

மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர்.
நான்கு மீட்டருக்கு ஐந்து மில்லி குறைவு.
அந்தக் குறைவில்தான் வரி குறைகிறது என்றான்
ஷோரூம் பையன், சுண்டுவிரல் நகத்தைக் காட்டி.
நகத்தளவு இல்லாமையை
எண்பத்து நான்கு மாதத் தவணையில் வாங்கினேன்.

பானஸ்வாடி அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில்
இரண்டு தூணுக்கு நடுவே
ஏதோ ஒரு சின்னக் காருக்காக
எப்போதோ அடித்த மஞ்சள் கோடு.
உள்ளே விடலாம். இறங்க முடியாது.
முதல் வாரம் முழுக்க
கியர் மேல் காலைத் தூக்கிப் போட்டு
இடப்பக்கக் கதவு வழியே ஊர்ந்து வந்தேன்.
வாட்ச்மேன் திபாகர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாம் நாள் தூண் கையெழுத்துப் போட்டது,
பின்கதவில், ஒரு சாண் நீளத்துக்கு.
அதற்குப் பிறகுதான் தூக்கம் வந்தது.

காகிதத்தில் பதினெட்டு புள்ளி ஆறு.
சில்க் போர்டில் எட்டு புள்ளி ஒன்பது.
சிக்னலில் தானாக மூச்சை அடக்கும்,
கிளட்சை மிதித்தால் இருமி எழும்.
பெட்ரோல் மிச்சமாம்.
ஒவ்வொரு முறையும் செத்தேவிட்டது என்று
என் வயிறு கலங்கும்.
தினமும் காலையில் முதல் வேலையாக
அந்தப் பொத்தானை அணைத்துவிடுகிறேன்.

மேலே ஒரு ஜன்னல், அதற்குத் தனியாக அறுபதாயிரம்.
ஒரே ஒருமுறை திறந்தேன்,
ஃபிரேசர் டவுனில், தூங்குமூஞ்சி மரத்தடியில்.
இளஞ்சிவப்பு நார்ப்பூ இரண்டும்
ஒரு காக்கையின் கருத்தும் உள்ளே விழுந்தன.

நாலாயிரம் கிலோமீட்டரில் ஒரு சத்தம் பிறந்தது.
டாஷ்போர்டுக்குள் யாரோ
கொட்டைப்பாக்கை ஒரு கடைவாயிலிருந்து
மறு கடைவாய்க்கு ஒதுக்குவதுபோல்.
"சவுண்டு பர்த்தா இல்ல மேடம்" என்றார்
சர்வீஸ் பசவராஜு.
அவரையும் ஏற்றிக்கொண்டு ஹெண்ணூர் வரை
குழி குழியாகத் தேடி இறக்கினேன்.
இந்த ஊரில் குழியைத் தேடி ஓட்டியவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
டாக்டர் முன்னால் பிள்ளை சிரிப்பதுபோல்
அன்று அவ்வளவு சமர்த்து.
குறை எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.
கேட்டைத் தாண்டியதும் பாக்கு.

ஆனால் நான் சொல்ல வந்தது
இடப்பக்க இருக்கையைப் பற்றி.
அதில் ஐந்து கிலோ வெங்காயத்தை வைத்தால்
ஆள் ஏறிவிட்டதென்று
பெல்ட் போடு, பெல்ட் போடு என அலறும்.
வெங்காயத்துக்குப் பெல்ட் போட்டேன்.

என் கணவர் செங்குட்டுவன் அங்கே உட்கார்வதில்லை.
பின்னால்தான், என் தலைக்கு நேர் பின்னால்,
மேல்கைப்பிடியைப் பற்றியபடி.
பதினாறு வருடம் அவர் ஸ்கூட்டரின் பின்னால் நான்.
எனக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டெப்னி இருந்தது.

முன்வண்டிக்காரனுக்கே தோன்றுமுன் "பிரேக்" என்பார்.
ஒவ்வொரு திருப்பத்திலும் தொண்டையைச் செருமுவார்.
இந்தக் காரில் இண்டிகேட்டர் இரண்டு.
கல்யாண் நகர் பூக்காரம்மா குனிந்து கேட்டாள்,
"டிரைவர் அக்கா, மாசம் எவ்வளவு?"
"இருபத்தோராயிரத்து நானூறு" என்றேன்.
தவணையைச் சொன்னேன்.

போன வியாழன் மழை.
ஹெப்பாளில் பம்பர் வரை தண்ணீர்.
முன்னால் ஓர் ஆட்டோ அணைந்து நின்றது.
நாலு பேர் தள்ளி ஒதுக்கும்வரை
நானும் தண்ணீருக்குள்ளேயே நின்றேன்.
காலையில் அணைத்த பொத்தானே, நீ நன்றாயிரு.
அப்புறம் முதல் கியர், கால் எடுக்காமல்,
கோலத்தில் இழை இழுப்பதுபோல் ஒரே சீராக.
பின்னாலிருந்து செருமல் இல்லை,
பிரேக் இல்லை.

கரையேறியதும் நிறுத்தச் சொன்னார்.
இறங்கினார், நனைந்தார்,
இடக்கதவைத் திறந்து
வெங்காயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
கார் அலறியது.
"என்ன வேணுமாம் இதுக்கு?"
"ஆள் உட்கார்ந்திருக்குன்னு சொல்லுது."

நாகவாரா வரை அலறவிட்டார்.
பிறகு தன்னையும் வெங்காயத்தையும் சேர்த்து
ஒரே பெல்ட்டில் பூட்டினார்.

சத்தம் நின்ற காருக்குள்
வைப்பர் மட்டும். அப்புறம்
அந்தப் பாக்கு.

"அது என்ன?" என்றார்.

"உங்களுக்குக் கேட்குதா?"

அடுத்த குழியைத் தேடி ஓட்டினேன்.