பதினொரு மணி வரை

இன்று காலை ஆறு முறை விதவையானேன்.
மணிக்குப் பதினான்கு யூரோ,
காப்பி இலவசம்.

லூப்லியானாவில் பனிமூட்டம்.
மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் மாடியில்
ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை.
என்னிடம் கொடுத்த தாளில் நாலு வரி:
கணவர், வயது ஐம்பத்தெட்டு,
பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்.
மாரடைப்பு, காப்பாற்ற முடியவில்லை.
மனைவிக்கு இன்னும் தெரியாது.

மீதியை நான்தான் போட்டேன்.
வின்கோ என்று பெயர்.
நகக்கண்ணில் போகாத கிரீஸ்.
தூங்கும்போது ஒற்றைக் காலைப்
போர்வைக்கு வெளியே விடுவான்.
டர்னிப் ஆகாது.
பிறகு அந்தக் கார்:
ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது,
பார்க்கிங் சீட்டு பதினொரு மணி வரைதான்.

எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும்,
கதவு திறக்கும்,
மடிப்புக் கலையாத வெள்ளை அங்கி.

"உங்க கணவர் தவறிட்டார்" என்றான் முதலில் வந்தவன்.
எங்கே தவறினார், படியிலா என்றேன்.
நடிக்கவில்லை,
அந்தச் சொல்லிடம் வேறு என்ன கேட்பது?
அவன் காது சிவந்தது.
நேயா "காலமாகிவிட்டார்" என்றாள்,
தரையைப் பார்த்து.
மூன்றாவது பெண்
என் கண் கலங்குமுன்பே டிஷ்யூ பெட்டியை நீட்டினாள்,
போதும் நிறுத்து என்பதுபோல.
நாலாமவன் எல்லாம் சரியாகச் செய்தான்.
உட்கார்ந்தான், முகம் பார்த்தான்,
"இறந்துவிட்டார்" என்றான், பத்து வரை எண்ணினான்.
எண்ணியது உதட்டில் தெரிந்தது.
ஐந்தாமவன் நினைவில் இல்லை, பாவம்.

எல்லாரிடமும் கேட்டேன்:
கார் பதினொன்று வரைதானே, யார் எடுப்பார்கள்?
அதைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள்.
ஐந்து பேர், ஒரே வாக்கியம்.

காஷ்பர் கடைசி.
ஷூ நனைந்திருந்தது.
"அவரோட இதயம்" என்று தொடங்கி நின்றுவிட்டான்.
நான் காரைச் சொன்னேன்.
கோட்டுப் பையில் கிடைத்த தாளை எடுத்து நீட்டினேன்.
கடை ரசீது: பசை ஒன்று, பொத்தான் இரண்டு,
வெங்காயம்.
இரண்டு கையாலும் வாங்கினான்.
படித்தான்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.
"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.
அப்புறம் காருக்கு நானும் வரேன்."

ஹீட்டர் குழாய் டக்கென்றது.
அவன் பேசவில்லை, எண்ணவுமில்லை.
முப்பது வருடம் பொம்மலாட்ட மேடையில் இருக்கிறேன்,
நூலின் மறுமுனையை யாரோ பிடித்தால்
விரலுக்குத் தெரியும்.

"செத்துட்டாரா?"
ஆறு முறையில் முதல்முறை
நானே கேட்டேன்.

"ஆமா."

மணி அடித்தது.

டாக்டர் ஹ்ரிபாரின் தாளில் பதினெட்டுக் கட்டங்கள்.
மரணம் என்ற சொல்லை மாணவர் பயன்படுத்தினாரா?
இல்லை. பூஜ்யம்.
அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு:
எல்லா மனைவியும் கேட்டுவிட மாட்டார்கள், பிரேதா,
சிலர் கோட்டைக் கழற்றாமல்
சாயங்காலம் வரை காத்திருப்பார்கள்.
நான் தலையாட்டினேன்.
முதலில் வந்தவனைப் படியில் தடுக்கிவிழ வைத்தவளும்
நான்தானே.

என் தாளில் ஒரே கேள்விதான்.
கெட்ட சேதியோடு இவர் மறுபடி வந்தால்
கதவைத் திறப்பீர்களா?
அழுத்திப் போட்டதில்
அடியில் இருந்த ஐந்தாமவன் தாளிலும்
அந்த டிக் பதிந்துவிட்டது.
இருக்கட்டும்.

மதியம் இரண்டு மணிக்கு நான் நரி.
பிய்ந்த காதை ஒட்டத்தான் அந்தப் பசை.
ரசீது கொடுத்தால்தான் நாடகக் குழுவில் காசு.
அது காஷ்பரின் அங்கிப் பையோடு போய்விட்டது.
கணக்கரிடம் என்னவென்று சொல்ல?

பதினொன்று இருபது.
வாசலில் கார்கள் பனிக்குள் வரிசையாக நின்றன.
பார்க்காமல் கடக்க முடியவில்லை.
வின்கோவின் கார் என்ன நிறம் என்று
நான் இன்னும் முடிவு செய்யவில்லை.